ராக் கச்சேரி ரேடியோவில் நேரடியாக வந்த காலம்: எப்படி நடந்தது, ஏன் நின்றது

1978இல் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் பாடியபோது, ஐந்து இரவுகள் அவருடைய கச்சேரி அப்படியே எஃப்.எம். ரேடியோவில் போனது. ஜூலை 7 லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து ராக்ஸி, ஆகஸ்ட் 9 கிளீவ்லாந்தின் அகோரா, செப்டம்பர் 19 நியூ ஜெர்சியில் பசேயிக் ஊரின் கேப்பிடல் தியேட்டர், செப்டம்பர் 30 அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டர், டிசம்பர் 15 சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லாந்து. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் கணக்கு புரிந்துவிடும். மேற்குக் கரை, நடுமேற்கு, வடகிழக்கு, தெற்கு, மறுபடி மேற்கின் வடபகுதி என்று பாட்டு வாங்கும் வட்டாரங்கள் ஏறக்குறைய எல்லாமே அதில் அடங்கிவிட்டன. ராக்ஸியில் சில நூறு பேர்தான் உட்கார முடியும். வெளியே கேட்டவர்களோ பல மடங்கு.

டேப் டெக் வைத்திருந்தவருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேர லைவ் ஆல்பம் காசில்லாமல் கிடைத்தது. ஸ்பிரிங்ஸ்டீனின் அதிகாரபூர்வ லைவ் ஆல்பம் கடைக்கு வந்தது 1986இல்தான். ரெக்கார்டு விற்றுப் பிழைக்கும் கம்பெனி இதற்கு எப்படிச் சம்மதித்தது என்று இன்று கேட்கத் தோன்றும். அன்றைய நிலைமையில் அது கம்பெனிக்கு லாபமான வேலை. ஏறக்குறைய 1970 முதல் 1985 வரை, நல்ல ஸ்டீரியோ ஒலி காற்றுவழியாக வீட்டுக்குள் வர ஒரே வாசல்தான் இருந்தது. அதுதான் எஃப்.எம்.

காலி நேரம் கொடுத்த வாய்ப்பு

அமெரிக்காவில் எஃப்.எம். ஸ்டீரியோவுக்கு 1961 ஏப்ரலில் அனுமதி கிடைத்து, ஜூன் 1இல் ஒலிபரப்பு தொடங்கியது. ஆனாலும் அடுத்த சில வருடங்கள் பெரும்பாலான முதலாளிகள் தங்கள் ஏ.எம். (மத்திய அலை) நிலையத்தின் நிகழ்ச்சியையே எஃப்.எம்.மிலும் ஓட்டினார்கள். அதைத் தடுக்க 1964இல் ஒரு விதி எழுதப்பட்டு, இழுபறிக்குப் பிறகு 1967 வாக்கில் முழுமையாக அமலுக்கு வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் எஃப்.எம். நேரத்தில் பாதியாவது தனி நிகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். திடீரென்று நிரப்ப வேண்டிய நேரம் மலைபோல் குவிந்தது. செலவழிக்கப் பணம் இல்லை.

அந்த இடத்தில்தான் சான் பிரான்சிஸ்கோவில் டாம் டோனஹியூ என்ற ரேடியோ அறிவிப்பாளர் 1967 ஏப்ரலில் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் நீண்ட ஆல்பம் பாட்டுகளைப் போடத் தொடங்கினார். 1968 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அந்தக் கூட்டம் கே.எஸ்.ஏ.என். நிலையத்துக்கு மாறியது. பாஸ்டனில் டபிள்யூ.பி.சி.என்., நியூயார்க்கில் டபிள்யூ.என்.ஈ.டபிள்யூ.–எஃப்.எம். ஆகியவையும் இதே பாதையில் போயின. மூன்று நிமிடப் பாட்டும் விளம்பரமும் மாறிமாறி ஓடும் ஏ.எம். நிலையத்தால் மூன்று மணி நேரக் கச்சேரியைத் தாங்க முடியாது. எஃப்.எம்.முக்கு அது வரப்பிரசாதம்.

1968 பிப்ரவரி 14இல் கிரேட்ஃபுல் டெட் குழுவின் கரோசல் பால்ரூம் கச்சேரி கே.எம்.பி.எக்ஸ்.ஸில் போனது. 1970 நவம்பர் 17இல் எல்டன் ஜான் நியூயார்க்கின் ஏ அண்ட் ஆர் ஸ்டூடியோவில் நூறு பேர் அளவிலான கூட்டத்தின் முன் வாசித்ததை டபிள்யூ.ஏ.பி.சி.–எஃப்.எம். ஒலிபரப்பியது. ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் உட்கார்ந்தவர் ஃபில் ரமோன். அடுத்த வருடம் அதுவே ஆல்பமாக வந்தது. 1971 ஜூன் 27இல் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கம் மூடிய கடைசி இரவும் நியூயார்க் எஃப்.எம்.மில் கேட்டது. அந்த இலையுதிர் காலத்தில் கிரேட்ஃபுல் டெட் போன ஊர்களில் பல இடங்களில் உள்ளூர் எஃப்.எம். நிலையம் கச்சேரியை ஒலிபரப்பியது. புதிய ஆல்பத்தை விற்க வார்னர் பிரதர்ஸ் போட்ட விளம்பரச் செலவு அது. பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரத்துக்குக் கொடுப்பதைத் தொலைபேசி லைனுக்கும் ஒலிபரப்பு வண்டிக்கும் கொடுத்தால், அந்த ஊர் முழுக்க ஒரு ராத்திரி அந்தக் குழுவையே கேட்கும். டிக்கெட் ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த அரங்கத்துக்கு இதில் நஷ்டமும் இல்லை.

மேடை முதல் டிரான்ஸ்மிட்டர் வரை

பாடகர் முன்னால் இருக்கும் ஒரு மைக்கின் ஒலி மூன்று இடங்களுக்குப் போக வேண்டும்: மேடை மானிட்டர் (பாடுபவர் தன்னையே கேட்கும் ஸ்பீக்கர்), அரங்கத்தின் மிக்ஸர், வெளியே நிற்கும் ஒலிபரப்பு வண்டி. வயரை வெறுமனே மூன்றாகப் பிரித்தால் ஒன்றில் வரும் கோளாறு மற்ற இரண்டையும் கெடுக்கும். அதனால் டிரான்ஸ்பார்மர் வைத்த ஸ்பிளிட்டர் பெட்டி. நேர் இணைப்பு அரங்கத்தின் மிக்ஸருக்குப் போகும். டிரான்ஸ்பார்மரின் மறுபக்கச் சுற்றிலிருந்து எடுப்பது வண்டிக்கு. இப்படிச் செய்தால் இரண்டுக்கும் நடுவே மின் தொடர்பு இருக்காது, காந்தத் தொடர்பு மட்டும்தான்.

இதில் எப்போதும் தலைவலி கொடுப்பது ஹம். மேடைக்கு ஒரு மின்பலகையிலிருந்தும் வண்டிக்கு வேறொன்றிலிருந்தும் கரன்ட் எடுத்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கும். மைக் வயரின் ஷீல்டு வழியாக அந்த மின்சாரம் ஓடும்போது அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும். ஸ்பிளிட்டரில் வண்டிப் பக்கத்து ஷீல்டை மட்டும் துண்டித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிலர் ஆம்ப்பின் மின் பிளக்கில் எர்த் காலையே கழற்றிவிட்டு ஹம் போய்விட்டது என்பார்கள். கிட்டாரைத் தொட்டபடி மைக்கில் உதடு வைக்கும் பாடகரின் உயிரோடு விளையாடும் வேலை அது. ஹம் இல்லாமல் ‘ஸ்ஸ்ர்ர்’ என்ற கூர்மையான இரைச்சல் வந்து, விளக்கு மங்கும்போது கூடிக் குறைந்தால் காரணம் லைட் டிம்மர். தைரிஸ்டர் டிம்மர் பாதி வெளிச்சத்தில் நிற்கும்போதுதான் இரைச்சல் உச்சத்தில் இருக்கும். ஒலி வயரை விளக்கு வயரோடு ஒட்டிப் போடாமல் மேடையின் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோவதே மருந்து.

அடுத்தது மிக்ஸிங். ஒரு ஒலிபரப்பு பிழைக்குமா சாகுமா என்று தீர்மானிப்பது இதுதான். ஆயிரம் பேர் அரங்கத்தில் கிட்டார் ஆம்ப்பின் சத்தம் மேடையிலிருந்தே காதைப் பிளக்கும். அதனால் அரங்கத்தின் மிக்ஸரில் இருப்பவர் ஸ்பீக்கருக்கு அனுப்புவது பெரும்பாலும் குரலும் பாஸ் டிரம்மும்தான். அந்தக் கலவையை அப்படியே எடுத்து ரேடியோவுக்கு அனுப்பினால் குரல் முகத்தில் அறையும், கிட்டார் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் கேட்கும். காசு மிச்சம் பிடிக்க இப்படிச் செய்த ஒலிபரப்புகள் நிறைய உண்டு. கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஒழுங்காகச் செய்தவர்கள் தனி வண்டி வைத்தார்கள். அமெரிக்காவில் ரெக்கார்டு பிளான்ட், வாலி ஹைடர் வண்டிகளும் ஐரோப்பாவில் ரோலிங் ஸ்டோன்ஸ் மொபைல் வண்டியும் பெயர் பெற்றவை. அரங்கத்தின் சத்தம் எட்டாத அறைக்குள் உட்கார்ந்து, எல்லா மைக்கையும் புதிதாகக் கலப்பார்கள். நடுநடுவே ஒரு சின்ன மோனோ ஸ்பீக்கரில் மாற்றிக் கேட்பார்கள். கார் ரேடியோவில் கேட்பவரையும் கணக்கில் எடுக்க வேண்டுமே. ஒத்திகையில் வைத்த அளவு கச்சேரியில் நிற்காது. கூட்டத்தைப் பார்த்ததும் குழு சத்தமாக வாசிக்கும். பல ஒலிபரப்புகளில் முதல் இரண்டு பாட்டின் கலவை தள்ளாடுவது இதனால்தான்.

கைத்தட்டலுக்கு வைக்கும் மைக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 344 மீட்டர் ஓடும். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு மைக்கைத் தொங்கவிட்டால் டிரம்ஸ் சத்தம் அங்கே போய்ச் சேர 87 மில்லி வினாடி ஆகும். மேடை மைக்கோடு அதையும் திறந்துவைத்தால் ஒவ்வோர் அடியும் இரண்டு முறை விழும். எனவே கூட்ட மைக்குகளை மேடை விளிம்பிலேயே, கூட்டத்தைப் பார்த்தபடி வைப்பார்கள். பாட்டு ஓடும்போது இறக்கி, முடிந்ததும் ஏற்றுவார்கள். இவ்வளவு செய்தும் நிலையத்தில் இருக்கும் தானியங்கி ஒலியளவுக் கருவி கெடுத்துவிடும். பாட்டு முடிந்து சத்தம் குறைந்ததும் அது அளவைத் தானே உயர்த்தும். கைத்தட்டல் ஓய வேண்டிய நேரத்தில் கடலலைபோல் எழும்பும். அன்றிரவு அந்தக் கருவியைத் தளர்த்திவைக்கும்படி நிலைய இன்ஜினியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது வண்டிக்காரரின் பொறுப்பு.

வண்டியிலிருந்து நிலையத்துக்கு ஒலி போனது தொலைபேசிக் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த நிகழ்ச்சி லைனில். 5, 8, 15 கிலோஹெர்ட்ஸ் வரை செல்லும் வகைகள் இருந்தன. இசைக்கு 15 வேண்டும், ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும். நீளமான கம்பியில் உயர் அதிர்வெண்கள் தேயும் என்பதால் ஒவ்வொரு லைனையும் ஈக்வலைசர் வைத்துச் சமன்செய்து தர வேண்டும். கேட்ட மறுநாள் கிடைக்கும் சரக்கல்ல அது. இடதும் வலதும் வேறு வேறு பாதையில் போனால் இன்னொரு வினை. ஒன்று மற்றதைவிட 0.1 மில்லி வினாடி தாமதமானால், 5 கிலோஹெர்ட்ஸில் அது சரியாக அரை அலை. ஸ்டீரியோவில் கேட்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. மோனோவில் இரண்டும் கூடும்போது அந்த அதிர்வெண் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும். ஒரு லைனில் இரண்டு கம்பிகளை மாற்றி இணைத்திருந்தால் இன்னும் மோசம். நடுவில் இருக்கும் குரல் மோனோவில் மறைந்தே போகும். சோதனை எளிது: ஒரே ஒலியை இரண்டு லைனிலும் அனுப்பி, மறுமுனையில் ஆசிலோஸ்கோப்பில் 45 பாகைச் சாய்வாக ஒற்றைக் கோடு வருகிறதா என்று பார்ப்பது. கோடு முட்டைபோல் விரிந்தால் தாமதம். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கம்பி மாறியிருக்கிறது.

லைன் கிடைக்காத இடத்தில் கூரைமேல் மைக்ரோவேவ் டிஷ் வைத்து அனுப்பினார்கள். நடுவே கட்டடம் மறைக்கக் கூடாது. மாநிலம் தாண்டிய தொலைதூர லைனின் வாடகை கழுத்தை நெரிக்கும். ஸ்பிரிங்ஸ்டீனின் ஒலிபரப்புகள் நாடு தழுவாமல் வட்டாரம் வட்டாரமாக நடந்ததற்கு அதுவும் காரணம்.

கடைசிக் கட்டம் டிரான்ஸ்மிட்டர். இரைச்சலைக் குறைக்க எஃப்.எம்.மில் உயர் அதிர்வெண்களை ஏற்றி அனுப்பி, ரேடியோவில் இறக்கிக்கொள்வார்கள். அமெரிக்க அளவு 75 மைக்ரோ வினாடி, ஐரோப்பிய அளவு 50. அமெரிக்க அளவில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய 14 டெசிபெல் உயரும், 15 கிலோஹெர்ட்ஸ் 17 டெசிபெல். செவ்வியல் இசையில் அந்தப் பகுதியில் பெரிய சக்தி இருக்காது, பிரச்சினை வராது. ராக் டிரம்மர் சிம்பல் தட்டை அடித்தால் அலை அனுமதித்த எல்லையைத் தாண்டும். உச்சத்தை மட்டுப்படுத்தும் லிமிட்டர் கருவி உடனே அமுக்கும். எஃப்.எம். டேப்புகளில் சிம்பல் மழுங்கிக் கேட்பது டிரம்மரின் குறை அல்ல.

கெட்ட வார்த்தை வந்தால் காற்றில் போகுமுன் வெட்டுவதற்கான தாமதமும் இந்தச் சங்கிலியில் உண்டு. டிஜிட்டல் கருவி வருவதற்கு முன் இரண்டு டேப் மெஷின்களைப் பக்கத்தில் வைத்து, ஒன்றில் பதிந்து அடுத்ததில் வாசித்தார்கள். வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் டேப்பில் ஏழு வினாடி வேண்டுமானால் இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவே 52.5 அங்குல டேப் தொங்க வேண்டும்.

டி.வி.யில் படம், ரேடியோவில் சத்தம்

பிரிட்டனில் கதை வேறு. பி.பி.சி. ரேடியோ 1 அப்போது 247 மீட்டர் மத்திய அலையில், மோனோவில் வந்தது. எஃப்.எம். அலைவரிசையை ரேடியோ 2விடமிருந்து சில மணி நேரம் கடன் வாங்கும். லண்டன் லோயர் ரீஜன்ட் தெருவின் பாரிஸ் தியேட்டரில் 400 பேர் அளவிலான கூட்டத்தின் முன் பதிவான ‘இன் கான்சர்ட்’ நிகழ்ச்சி வார இறுதி மாலையில் அந்தக் கடன் நேரத்தில் ஸ்டீரியோவில் வரும். பெரும்பாலும் பதிந்து போட்டதுதான். லெட் செப்பலின் அங்கே வாசித்தது 1971 ஏப்ரல் 1, ஒலிபரப்பு ஏப்ரல் 4. லண்டனிலிருந்து தொலைவில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர்களுக்கும் தரம் குறையாமல் போக, பி.பி.சி. 1972 முதல் 13 ஒலித்தடங்களை டிஜிட்டலாக அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்க நிலையங்கள் தொலைபேசி லைனோடு மல்லுக்கட்டிய காலம் அது.

டி.வி.யின் ஒலி மோனோ, ஸ்பீக்கரோ உள்ளங்கை அளவு. அதனால் பிறந்தது இரட்டை ஒலிபரப்பு. 1975 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஹாமர்ஸ்மித் ஓடியனில் குயீன் வாசித்தது பி.பி.சி. 2 டி.வி.யிலும் ரேடியோ 1இலும் ஒரே நேரத்தில் வந்தது. டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு ஸ்டீரியோ செட்டைத் திருகுவார்கள். இரண்டும் அனலாக் என்பதால் உதடும் குரலும் ஒட்டியே ஓடின. இன்றைய டிஜிட்டல் டி.வி., டிஜிட்டல் ரேடியோவில் இதை முயன்றால் இரண்டும் வினாடிக் கணக்கில் முன்பின்னாக வரும்.

இதைப் பெரிய அளவில் செய்தது ஜெர்மனியின் டபிள்யூ.டி.ஆர். ஒலிபரப்பு நிறுவனம் நடத்திய ராக்பலாஸ்ட் நிகழ்ச்சி. எசன் நகரின் குருகாஹாலேயில் முதல் ராக் இரவு 1977 ஜூலை 23. ரோரி கலகர், லிட்டில் ஃபீட், ரோஜர் மெக்கின் ஆகியோர் விடிய விடிய வாசித்ததை ஐரோப்பிய டி.வி. வலையமைப்பான யூரோவிஷன் வழியே பல நாடுகள் பார்த்தன, ரேடியோவில் ஸ்டீரியோவாகக் கேட்டன. அதே ஜூலை 23இல்தான் இந்தியாவின் முதல் எஃப்.எம். சேவையை ஆகாசவாணி சென்னையில் தொடங்கியது. தற்செயல்தான், ஆனாலும் அந்தக் காலத் தொழில்நுட்ப இடைவெளியை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

அமெரிக்காவில் ‘கிங் பிஸ்கட் ஃபிளவர் ஹவர்’ என்ற ஞாயிறு இரவு நிகழ்ச்சி 1973 பிப்ரவரி 18இல் தொடங்கி, உச்சத்தில் 300க்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் போனது. அதில் பெரும்பகுதி நேரலை அல்ல. கச்சேரியைப் பதிந்து, வெட்டி, மறுபடி மிக்ஸ் செய்து டேப்பாகவும் பிறகு எல்.பி.யாகவும் நிலையங்களுக்கு அனுப்பினார்கள். ஒலி துல்லியமாக இருக்கும். ஆனால் சுருதி தவறிய பாட்டு, பாடகரின் வளவளப்பு, அறுந்த தந்தியை மாற்றும் இடைவெளி எதுவும் இருக்காது. கச்சேரி எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் கரடுமுரடான நேரலையே மேல்.

வீட்டில் பதிந்தவர்கள்

எஃப்.எம். ஸ்டீரியோவில் இடது, வலது இரண்டின் கூட்டல் ஒரு பக்கம், கழித்தல் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் மறுபக்கம். 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டி ஒலி. சிக்னல் பலவீனமானால் ஸ்டீரியோவின் இரைச்சல் மோனோவைவிட 20 டெசிபெலுக்கும் மேல் கூடும். அறைக்குள் தொங்கும் வயர் ஆன்டெனா போதாது. 98 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீள டைபோல் ஆன்டெனாவையாவது கூரைக்கு ஏற்றி, டிரான்ஸ்மிட்டர் பக்கம் திருப்ப வேண்டும். கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதினால் ‘ச’ ஒலியும் சிம்பலும் கரகரக்கும். அப்போது ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்புவதே வழி, சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை.

கேசட் டெக்கில் எம்.பி.எக்ஸ். ஃபில்டர் என்ற சுவிட்ச் இருந்தது அந்த வழிகாட்டி ஒலியை வடிகட்டத்தான். டியூனரிலிருந்து கசியும் 19 கிலோஹெர்ட்ஸை, டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி சுற்று இசை என்று எண்ணி ஏமாந்து, தவறான அளவில் பதியும். திரும்பக் கேட்கும்போது ஒலி மங்கிவிடும். சுவிட்சைப் போட மறந்தவர்களின் டேப்புகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அடுத்த தொல்லை நீளம். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஏழு அங்குலச் சுருளில் 1800 அடி டேப் வினாடிக்கு ஏழரை அங்குலத்தில் 48 நிமிடம், வேகத்தைப் பாதியாக்கினால் 96 நிமிடம். மூன்று மணி நேரக் கச்சேரியில் கேசட்டையோ முழு வேகச் சுருளையோ மூன்று முறையாவது மாற்ற வேண்டும், பாதி வேகச் சுருளை ஒரு முறையாவது. ஸ்பிரிங்ஸ்டீன் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு நிறுத்தாமல் தாவுவார் என்பதால் வெட்டு நடுப்பாட்டில் விழும். இரண்டு டெக் வைத்து, முதலாவது முடியும் முன்பே இரண்டாவதை ஓடவிட்டவர்களின் பதிவுதான் முழுமையாக மிஞ்சியது.

ஏன் நின்றது

1978 டிசம்பர் 31 இரவு விண்டர்லாந்து மூடியபோது கிரேட்ஃபுல் டெட் விடியும்வரை வாசித்ததை கே.எஸ்.ஏ.என். ஸ்டீரியோவிலும் உள்ளூர் கே.க்யூ.இ.டி. டி.வி.யிலும் அனுப்பினார்கள். இரண்டே வருடத்தில், 1980 நவம்பரில், கே.எஸ்.ஏ.என். கன்ட்ரி இசை நிலையமாக மாறிவிட்டது. ஆலோசகர்கள் வகுத்துக் கொடுத்த பாட்டுப் பட்டியலில் ஓடத் தொடங்கிய நிலையங்களுக்கு மூன்று மணி நேரக் காலி இடம் என்பது விளம்பர நஷ்டம். 1981 ஆகஸ்டில் இசை வீடியோ சேனலான எம்.டி.வி. வந்ததும் கம்பெனிகளின் விளம்பரப் பணம் வீடியோவுக்குத் திரும்பியது. ரேடியோ டேப்பிலிருந்து அச்சடித்த திருட்டு எல்.பி.கள் கடையில் நிறைந்ததால் கம்பெனி வக்கீல்களும் முகம் சுளித்தார்கள். ஜெர்மனியில் 1981இலும் அமெரிக்காவில் 1984இலும் டி.வி.க்கே ஸ்டீரியோ வந்துவிட்டது. 1985 ஜூலை 13 லைவ் எய்ட் நிதிதிரட்டும் கச்சேரி நாளில் பிரிட்டிஷ் டி.வி. இன்னும் மோனோதான், ஸ்டீரியோ வேண்டியவர்கள் ரேடியோ 1ஐத் திருப்பினார்கள். அந்த அளவில் எஃப்.எம்.மின் துணை தேவைப்பட்ட பெரிய நிகழ்ச்சிகளில் அது ஏறக்குறைய கடைசி.

அகோரா கச்சேரியை 2014இல் ஸ்பிரிங்ஸ்டீன் தரப்பே வெளியிட்டது. மற்றபடி சந்தையில் ‘எஃப்.எம். பிராட்காஸ்ட்’ என்று அட்டையில் போட்டு விற்கும் சி.டி.களை வாங்குமுன் கம்ப்யூட்டரில் ஒலி நிறமாலையை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தைப் பாருங்கள். 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டியதுபோல் வெறுமை, 19இல் மெல்லிய கோடு என்றால் யாரோ வீட்டில் காற்றிலிருந்து பிடித்தது. 15.7 கிலோஹெர்ட்ஸில் கோடு இருந்தால் பதியும்போது பக்கத்தில் அமெரிக்க டி.வி. ஓடியிருக்கலாம், 15.6 என்றால் ஐரோப்பிய டி.வி. உயர் அதிர்வெண் தடையின்றி மேலே போய், சிம்பல் மழுங்காமல், கைத்தட்டல் தானாக வீங்காமல் இருந்தால் அது நிலையத்திலோ வண்டியிலோ டிரான்ஸ்மிட்டருக்கு முன்பே ஓடிய சுருள். சேகரிப்பவர்கள் அதை ‘பிரீ–எஃப்.எம்.’ என்பார்கள். கொடுக்கிற காசு அதற்குத்தான்.